பாய் வீட்டுத் தண்ணீர்

தன் மேல் கலெக்டர் ஆபீசுக்கு மனு போயிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது சேக் முகைதீனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மனு போட்டவர் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் காளிராஜ். தோப்புக் கிணற்றுத் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, பாயின் சரக்குக் கிட்டங்கியிலிருந்து பூச்சிமருந்து மண்ணுக்குள் இறங்குகிறது, அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாராம்.

"பாக்கட்டுமே," என்றார் மனைவி ஆயிஷா பீவியிடம். "வந்து பாத்துட்டுப் போனா நமக்குத்தான் நல்லது. பொறவு ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், வீடுகள் குறைந்து தோப்புகள் தொடங்குகிற இடத்தில் அவர் கடை இருந்தது. முன்னால் உரம், விதை, பூச்சிமருந்து விற்கிற கடை. அதற்குப் பின்னால் மூட்டைகளும் டப்பாக்களும் அடுக்கிய கிட்டங்கி. அதற்கும் பின்னால் வீடு. எண்பத்து மூன்றில் தொடங்கிய கடை. சோழபுரத்துப் பருத்திக்காரர்கள் காய்ப்புழு விழுந்தால் முதலில் இங்கேதான் சைக்கிளை நிறுத்துவார்கள். மருந்து வாங்கினால் போதாது, தெளிக்கிற மிஷினும் வேண்டுமே என்று கைத்தெளிப்பான்களும் பவர் ஸ்பிரேயர்களும் வாங்கி வாடகைக்கு விட்டார். வேறெந்தக் கடையிலும் அந்த வசதி அப்போது கிடையாது.

சேக் முகைதீன் அசட்டையாகத் தொழில் செய்கிற ஆள் இல்லை. கிட்டங்கிக்குத் தரை முழுக்க சிமெண்டு பூசியிருந்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டுப் பிள்ளைகள் கிட்டங்கிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே சத்தம் போடுவார். வாடகைக்குப் போன மிஷின்கள் திரும்பி வந்தால் கழுவுவதற்கென்று வேப்பமரத்தடியில் ஒரு மேடை கட்டி, கழுவிய தண்ணீர் தெருவில் ஓடாமல் வாய்க்கால் வெட்டி, கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழி ஒன்றில் விட்டிருந்தார். பார்க்க வந்த விவசாய ஆபீசர் ஒருவர், எல்லாக் கடைக்காரர்களும் இப்படி இருந்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மூன்று வருடமாக மழை சரியில்லை. அய்யனார் கோவில் ஆற்றில் மணல்தான் தெரிந்தது. நகராட்சிக் குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் பெரிய காரியம். அந்தச் சமயத்தில் சேக் முகைதீன் வீட்டு முற்றத்தில் போட்ட போர்வெல்லில் தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. தன்னைப் பெற்ற அத்தாவின் நினைவாகக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு தொட்டி கட்டி, அதில் நாலு குழாய் வைத்து, மோட்டாரைப் போட்டு விட்டுவிட்டார். விடியற்காலையில் தொடங்கும் கூட்டம் இருட்டுகிற வரைக்கும் குறையாது. தெருக்காரர்கள் போக அடுத்த தெருக்காரர்களும் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கரண்டு இருக்கிற நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சவும் அந்தத் தண்ணீர்தான் போனது. 'பாய் வீட்டுத் தண்ணி' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

மதுரையிலிருந்து சோதனை செய்ய வந்தவர் ஒரு பெண். பரிபூரணம் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். கூட பால்பாண்டி என்கிற ஆள், நுனியில் திருகு வைத்த நீளமான இரும்புக் கம்பிகளை ஜீப்பிலிருந்து இறக்கினார். ஐஸ் நிரப்பிய பெட்டி ஒன்றும், பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில்கள் ஒரு கூடை நிறையவும் வந்திறங்கின. சேக் முகைதீன் எதிரே போய் வரவேற்றார். ஆயிஷா பீவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சித்திரை வெயில். பரிபூரணம் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணிம்மா," என்றார்.

கிட்டங்கி முழுக்க நடந்து பார்த்தார். சிமெண்டுத் தரையில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பழைய பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடர் மூட்டைகளை எங்கே வைத்திருந்தீர்கள், எப்போது வரைக்கும் விற்றீர்கள் என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் சேக் முகைதீன் தயங்காமல் பதில் சொன்னார். கடைசியில், "மிஷின் கழுவுற இடம் எது ஐயா?" என்று கேட்டார்.

வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மேடையையும் வாய்க்காலையும் குழியையும் காட்டினார். "ஒரு சொட்டு வெளிய போகாதும்மா. அம்புட்டும் இங்கனயே இழுத்துரும்."

பரிபூரணம் அந்தக் குழியைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பால்பாண்டியிடம் அதன் ஓரத்தில் துளை போடச் சொன்னார்.

முதலில் செவல் மண் வந்தது. அதற்குக் கீழே வெள்ளைச் சுக்கான் கல். ஒவ்வொரு அடி இறங்கியதும் கம்பியை வெளியே இழுத்து, திருகில் ஒட்டிய மண்ணைப் பரிபூரணம் வெள்ளித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஆள் உயரத்துக்குக் கீழே போன பிறகு வந்த மண்ணில் ஈரம் இருந்தது. பால்பாண்டி கம்பியை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாடை அப்படி.

"கழுவுற இடத்துல வாடை இருக்கத்தானம்மா செய்யும்," என்றார் சேக் முகைதீன்.

"மேல இருக்கலாம் ஐயா. கீழ போகப் போகக் குறையணும்."

பிறகு பரிபூரணம் காளிராஜின் தோப்புக் கிணற்றில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு கிணறுகளில் எடுத்தார். காளிராஜ் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து கிளம்புகிற நேரத்தில் சேக் முகைதீன்தான் வலியப் போய் சொன்னார்: "நம்ம தண்ணியவும் ஒரு பாட்டில் பிடிச்சுக்கங்கம்மா. நல்ல தண்ணின்னா எப்பிடி இருக்கும்னு ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"அதையும் எடுக்கத்தான் நின்னுட்டு இருக்கேன்," என்றார் பரிபூரணம். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடினார்.

வைகாசி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில், ஜீப் இல்லாமல், டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார் பரிபூரணம். தனியாக வந்திருந்தார். சேக் முகைதீன் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆயிஷா பீவி வழக்கம்போல் தண்ணீர் கொடுத்தார். பரிபூரணம் டம்ளரை வாங்கினார். குடிக்காமல் பக்கத்தில் இருந்த ஜன்னல் திண்டில் வைத்தார்.

"காளிராஜ் தோப்புக் கிணத்துல மருந்து இல்ல ஐயா. கிணத்துக்கு மேற்கே குட்டையில தேங்காமட்டை ஊறப் போட்டிருக்காங்க. அந்த அழுகல் தண்ணிதான் கசிஞ்சு இறங்குது. வாடை அதோட வாடை."

சேக் முகைதீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல. மட்டை நாத்தத்துக்கும் மருந்து வாடைக்கும் வித்தியாசம் தெரியாமலா ஒருத்தன் கலெக்டருக்கு மனு போடுவான்?"

பரிபூரணம் அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஐயா, உங்க போர்த் தண்ணிலதான் இருக்கு."

"என்ன இருக்கு?"

"பூச்சிமருந்து. பி.எச்.சி.யும் இருக்கு, எண்டோசல்பானும் இருக்கு. குடிக்கிற தண்ணில இருக்கலாம்னு சொல்ற அளவைவிடப் பல மடங்கு. ரிப்போர்ட்டு கலெக்டர் ஆபீஸ் போயி, அங்கருந்து உங்களுக்கு வர நாளாகும். அதுவரைக்கும் சொல்லாம இருக்க முடியல. அதான் வந்துட்டேன்."

சேக் முகைதீன் சிரிக்க முயன்றார். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. "பாட்டில் மாறிருக்கும்மா. காளிராஜ் பாட்டிலும் நம்ம பாட்டிலும் மாறிப் போயிருக்கும்."

"மாறலை ஐயா. நானும் அப்பிடித்தான் நினைச்சேன். மறுபடியும் பால்பாண்டிய அனுப்பி உங்க தொட்டிக் குழாயில பிடிச்சுட்டு வரச் சொல்லி, ரெண்டாவது தடவையும் போட்டுப் பாத்தேன். அதேதான்."

"வாடை இல்லையே. எம்புட்டு இனிப்பா இருக்கு. நீங்களே குடிச்சீங்க."

"குடிச்சேன்," என்றார் பரிபூரணம். "வாடை தெரியுற அளவு வேற, உடம்புக்கு ஆகாத அளவு வேற ஐயா. நாக்குக்குத் தெரியாது."

அவருக்குப் புரியவில்லை. குழி எங்கே இருக்கிறது, போர் எங்கே இருக்கிறது? நடுவில் வீடே இருக்கிறது. தரையின் சரிவு தோப்புப் பக்கம்தானே. இறங்கினால் அங்கேதானே இறங்க வேண்டும்? இதை அவர் கேட்டபோது பரிபூரணம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"சும்மா கிடந்தா அங்கதான் போகும். ஆனா மோட்டார் ஓடும்போது உங்க போருக்குள்ள தண்ணி கீழ இறங்குதுல்ல? அந்தப் பள்ளத்தைப் பாத்து நாலு பக்கத்துத் தண்ணியும் மண்ணுக்குள்ளயே வரும். கொஞ்ச நேரம் ஓடுனா கொஞ்ச தூரத்துத் தண்ணி. நாள் முழுக்க ஓடுனா தூரத்துத் தண்ணியும் வரும். மூணு வருசமா நாள் முழுக்க ஓடியிருக்கு. குழித் தண்ணியை உங்க போர் இழுத்துருச்சு ஐயா."

அப்படியென்றால் ஊருக்குக் கொடுக்கக் கொடுக்க, மருந்தும் சேர்ந்து வந்திருக்கிறது. சேக் முகைதீன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். காதுக்குள் மோட்டார் சத்தம் கேட்டது. நிஜமாகவே அது அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவருக்கு வெளியே குடங்கள் மோதுகிற சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

திடீரென்று எழுந்து அடுப்படிக்கு ஓடினார். மருமகள் அப்ரோஸ் பேகம் இடுப்பில் கைக்குழந்தையோடு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். சவூதியில் இருக்கிற மகன் இன்னும் முகம் பார்க்காத பேத்தி. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. பக்கத்தில் பால்பவுடர் டப்பா திறந்திருந்தது.

"பாலுக்கு எந்தத் தண்ணிம்மா ஊத்துற?"

மாமனார் அடுப்படிக்குள் வந்ததே அவளுக்கு அதிசயம். "நம்ம தண்ணிதான் மாமா. காய்ச்சித்தான் கொடுக்கேன்."

பின்னாலேயே வந்து நின்ற பரிபூரணத்தை அவர் திரும்பிப் பார்த்தார். பரிபூரணம் தலையை இடவலமாக அசைத்தார். "காய்ச்சுனாப் போகாது ஐயா."

அப்ரோஸ் பேகம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆயிஷா பீவி குடத்தில் இருந்த தண்ணீரை முற்றத்தில் கொட்டப் போனவர், எங்கே கொட்டுவது என்று தெரியாமல் குடத்தோடு நின்றார்.

சேக் முகைதீன் போய் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. வெளியே, பிடிக்கப் பிடிக்க நிறையாத தொட்டியின் நாலு குழாயிலும் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது.

"என்ன பாய், கரண்டு போயிருச்சா?" என்று ஒரு குரல்.

அவர் வாசலுக்குப் போனார். இருபது முப்பது பேர் நின்றார்கள். நிறைந்த குடங்களும் நிறையாத குடங்களும் வரிசையில் இருந்தன. "யாரும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "பிடிச்சதைக் கீழ ஊத்திருங்க. இனிமே இது கிடையாது."

யாரும் ஊற்றவில்லை. "காளிராஜ் மேல உள்ள கோவத்தை எங்க மேல ஏன் பாய் காட்டுறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "நாங்களா மனுப் போட்டோம்?" இன்னொருத்தி, செத்த நேரம் திறந்துவிடுங்கள், இந்த ஒரு குடம் மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். கோடையில் தண்ணீர் தந்தவர் திடீரென்று நிறுத்தினால் ஜனங்களுக்குக் காரணம் கோபமாகத்தான் தெரிந்தது.

"தண்ணில மருந்து கலந்திருக்கு," என்றார் சேக் முகைதீன். "என் கடை மருந்து. மிஷின் கழுவுன குழியிலருந்து இறங்கி போருக்கு வந்திருக்கு. இந்தம்மா சோதிச்சுப் பாத்துச் சொல்லுறாக. எனக்கும் இப்பத்தான் தெரியும்."

தலையில் குடம் வைத்திருந்த ஒருத்தி அதை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கிக் கீழே வைத்தாள், உள்ளே உயிருள்ள எதுவோ இருப்பதுபோல. அந்த வரிசையின் கடைசியில் காளிராஜின் மனைவி முத்துப்பேச்சி நின்றிருந்தாள். தோப்புக் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று, புருஷனுக்குத் தெரியாமல் ஒரு வருடமாக இங்கேதான் பிடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டு ஓடி வந்த காளிராஜ் அவளையும் அவள் காலடியில் இருந்த குடத்தையும் பார்த்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி வேகமாக வந்தவர், சாலையோரத்திலேயே நின்றுவிட்டார்.

வேலுத்தாய் முன்னால் வந்தாள். பஞ்சாலையில் வேலை பார்க்கிறவள். கடைக்கு எதிர் வரிசையில் குடியிருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் வேல்சாமிக்கு எட்டு வயது. போன வருடத்திலிருந்து அவனுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டு வந்த நாளில் சேக் முகைதீன்தான் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"பாய்," என்றாள். "எம் மகனுக்கு வருதே, அது இதனாலயா?"

சேக் முகைதீன் பரிபூரணத்தைப் பார்த்தார். தெருவே பரிபூரணத்தைப் பார்த்தது.

"என்னால சொல்ல முடியாதும்மா," என்றார் பரிபூரணம். "இதனால வலிப்பு வரலாம். வேற காரணத்தாலயும் வரலாம். தண்ணியச் சோதிச்சுத் தண்ணியப் பத்தித்தான் நான் சொல்ல முடியும்."

வேலுத்தாய் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நாந்தான் பாய் அவனுக்கு ஊத்தி ஊத்திக் கொடுத்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக நடந்தன. தாசில்தார் வந்தார், நகராட்சி லாரியில் தண்ணீர் வந்தது, கடைக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் கல் எறிந்து கடையின் பெயர்ப்பலகையை உடைத்தார்கள். யார் எறிந்தது என்று அவர் கேட்கவில்லை. அப்ரோஸ் பேகத்தின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாடகைக் கார் கொண்டுவந்து தங்கையையும் குழந்தையையும் கூட்டிப் போனான். ஆயிஷா பீவியும் கூடப் போகட்டும் என்று சேக் முகைதீன் சொல்லிவிட்டார். குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். எடை நன்றாக இருக்கிறது, இப்போது ஒன்றும் தெரியவில்லை, கவனித்துக்கொண்டிருங்கள் என்றாராம். 'இப்போது' என்ற சொல்லைச் சேக் முகைதீன் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

குழியைத் தோண்டினார்கள். பரிபூரணம் இன்னும் நாலைந்து இடத்தில் துளை போட்டுப் பார்த்து, எது வரைக்கும் எடுக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். வேப்பமரம் போயிற்று. மேடை போயிற்று. தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோவது என்று எந்த ஆபீசிலும் சொல்லத் தெரியவில்லை. எந்த ஊர்க்காரன் தன் எல்லையில் அதைக் கொட்ட விடுவான்? கடைசியில் பிளாஸ்டிக் தாளில் கட்டி அவருடைய கிட்டங்கியிலேயே, அந்தச் சிமெண்டுத் தரையிலேயே அடுக்கிக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். ஏற்பாடு ஆகும் வரைக்கும் அவர்தான் பொறுப்பு. அதனால் அவரால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் இருக்கவும் முடியவில்லை. கடை இல்லாத கடைக்காரராக அந்த வீட்டில் தனியாக இருந்தார். லாரி வரும்போது குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் நின்றார். முதல் சில நாள் அவருக்கு முன்னால் நிற்கிறவர் ஓரடி தள்ளி நின்றார். பிறகு அதுவும் பழகிப் போயிற்று.

ஆடி மாதம் சேக் முகைதீன் வேலுத்தாய் வீட்டுக் கதவைத் தட்டினார். "மதுரையில பெரிய டாக்டர் ஒருத்தரு இருக்காராம். மூளைக்குப் பாக்கிறவரு. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா," என்றார். அவள் வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தலை சீவிப் புதுச்சட்டை போட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். தலையில் வயர்களை ஒட்டிக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். விடாமல் சாப்பிட்டால் வலிப்பு அடங்கும் என்றார். சேக் முகைதீன் தண்ணீர் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லி, அதனால்தானா என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இருக்கலாம் பெரியவரே. இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் உறுதியாத் தெரியாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் வேலுத்தாய், நடுவில் பையன், இந்தப் பக்கம் அவர். பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது.

"தெரியாதுங்கிறதைக் கேக்கவா பாய் இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றாள் வெளியே பார்த்தபடி.

"ஆமாம்மா."

"இதனாலதான்னு அவரு சொல்லியிருந்தா உங்களை என்ன செய்யலாம்னு நான் நேத்து ராத்திரியெல்லாம் யோசிச்சேன்." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதனால இல்லேன்னு சொல்லியிருந்தா உங்க கால்ல விழலாம்னும் யோசிச்சேன். இப்ப ரெண்டும் இல்ல."

அவர் பையனின் தலை சரியாமல் தன் தோளைக் கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றது. கோபுரத்துக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இங்கே இறங்கிப் பேத்தியைப் பார்த்துவிட்டுக் காலையில் ஊருக்குப் போவதாகத்தான் ஆயிஷா பீவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பேத்தி இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாளாம். அவர் எழப் போனார். மதுரையிலேயே கொடுத்த முதல் மாத்திரையின் மயக்கத்தில் வேல்சாமி அவர் தோளில் சாய்ந்து, அவருடைய சட்டைக்கையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஊரில் இறங்கினால் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் இவனை வேலுத்தாய் ஒருத்தியாகத்தான் தூக்க வேண்டும்.

"இறங்கலையா பாய்? உங்க வீட்டம்மா பாத்துட்டு இருப்பாகளே," என்றாள் வேலுத்தாய்.

"நாளைக்கு வந்துக்கிடுதேன்," என்றார் அவர்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ராஜபாளையம் சாலையில் திரும்பியது. அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.